ரிட்டர்னே இல்லாத கம்பெனி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஆட்டின் மேலும் மாட்டின் மேலும் இருக்கும் என்பதுதான். கம்ப்யூட்டரைப் பற்றி அதைவிடச் சற்று அதிகம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கம்பெனியையும் நம்ப வைத்துவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அதுவரை வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன், தினமும் காலையில் காட்பாடியில் பாசஞ்சர் பிடித்து ஆம்பூரில் இறங்கும் ஆளானேன். முதல் வாரம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, சாயங்கால ரயிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறுதியானது.

கம்பெனி வெளிநாட்டு பையர்களுக்கு ஷூ செய்து அனுப்பும். ஒரு ஆர்டரை லாட் லாட்டாகப் பிரிப்பார்கள். ஒரு லாட் கட்டிங்கில் இருக்கும், ஒன்று தையலில் இருக்கும், ஒன்று பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கும். எது எங்கே இருக்கிறது என்று தன் ஊரில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும் என்று ஒரு பையர் கேட்டார். அதற்கு முன்பெல்லாம் அவர் ஃபோன் பண்ணுவார். மேனேஜர், “பேக்கிங்கில் இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லுவார். ஃபோனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “தோல் வந்துச்சா பா?” என்பார். இருவருக்கும் நிம்மதியாக இருந்த இந்த ஏற்பாட்டைக் கெடுப்பதற்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு பெட்டி, அதுதான் சர்வர். சர்வருக்குள் நான் எழுதிய வெப் அப்ளிகேஷன். கம்பெனிக்குள் ஐந்தாறு கம்ப்யூட்டர்களில் அதைத் திறந்து பார்க்கலாம். கடலுக்கு அப்பால் பையரும் திறந்து பார்க்கலாம். பெட்டிக்குச் சூடு ஆகாதென்று ஏசி போட்டுக் கொடுத்தார்கள். மே மாதத்தில் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்து, உடம்புக்கு முடியாத மாமனாரை விசாரிப்பதுபோல, “சர்வர் எப்படி சார் இருக்குது?” என்று விசாரித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

சர்வருக்குத் தகவல் கொடுத்தவர் ஒரு அக்கா. எட்டு வருஷம் தையல் ஹாலில் மெஷினில் இருந்தவர். வேலை முடிந்த பிறகு போய் டைப்ரைட்டிங் படித்து, கம்ப்யூட்டரும் படித்து, என்ட்ரி போட ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாட்டு நடத்துபவர் என்பதால் குரல் கணீரென்றிருக்கும். ரகசியம் சொன்னால் கட்டிங் வரை கேட்கும். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை சார் என்பார். அந்த சாரில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை. முதுகு சாய்க்க வசதியாக, சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று அவருக்குக் கிடைத்தது. முதல் நாள் அதில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்.

“எட்டு வருசம் ஸ்டூல்லயே உக்காந்து, எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டேன் சார்.”

அப்ளிகேஷனை எழுதுவதற்கு முன்பு, என்னென்ன பக்கங்கள் வேண்டும் என்று கேட்க ஒரு மீட்டிங் போட்டேன். அப்படிப் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. மேனேஜர், கட்டிங் சூப்பர்வைசர், அக்கா மூவரும் வந்தார்கள். எங்களுக்குத் தோல் அனுப்பும் டேனரியின் பாய் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், டீ வந்ததைப் பார்த்து அவரும் உட்கார்ந்தார். டேனரி எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி வீடு.

“தோல் சரியில்லன்னா டேனரிக்குத் திருப்பி அனுப்புவீங்களே, அது தினம் எவ்ளோ இருக்கும்?” என்று கேட்டேன்.

கட்டிங் சூப்பர்வைசர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அக்கா பேனா மூடியைக் கழற்றி, அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று ஆராய்ந்தார்.

“ரிட்டர்னா?” என்றார் மேனேஜர், அப்படி ஒரு வார்த்தையை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்பவர்போல. “நம்ம கிட்ட அதெல்லாம் ரொம்ப கம்மி பா. இல்லன்னே வெச்சிக்க.”

“எப்பவாச்சும் ஒண்ணு வரும்,” என்றார் சூப்பர்வைசர் மின்விசிறியிடம்.

பாய் யாரையும் பார்க்காமல் டீயை உறிஞ்சினார்.

நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். இல்லாத ஒன்றுக்கு எதற்கு மெனக்கெடுவது? மற்ற பக்கங்களை ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியவன், ரிட்டர்ன் பக்கத்தைச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் எழுதி முடித்தேன். ஒரே ஒரு ரிட்டர்ன் போட்டுச் சோதித்தேன். நன்றாகப் போனது. நானும் சாப்பிடப் போனேன்.

முதல் இரண்டு வாரம் கம்பெனியில் நான்தான் மாப்பிள்ளை. மூன்றாவது வாரம் சர்வர் விழ ஆரம்பித்தது.

விழுவது என்றால் பெட்டி கீழே விழாது. ஒரு பக்கம் பாதி வந்து நிற்கும். அப்புறம் யார் எதைத் தட்டினாலும் வெள்ளைத் திரைதான் வரும். நான் ஓடிப்போய் ஆஃப் செய்து ஆன் செய்வேன். எதுவுமே நடக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு அது மறுபடி ஓடும். தினமும் விழுந்தால்கூட ஒரு வழி கிடைத்திருக்கும். இது ஒரு வாரம் இரண்டு தடவை விழும், அடுத்த பத்து நாள் அசையாது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் காத்தால் சத்தியமாக விழாது. டீ குடிக்கப் போனால் விழும்.

ஆகவே காரணங்களைத் தேட ஆரம்பித்தேன். ஒரு காரணம் கிடைக்காதபோது மனிதனுக்குப் பத்து காரணம் கிடைக்கும். முதலில் ஜெனரேட்டர் மேல் சந்தேகப்பட்டேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போது மின்சாரம் ஒரு உதறு உதறும், அதனால்தான் என்று கம்பெனி எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வெள்ளிக்கிழமை மேல் சந்தேகம் வந்தது. ஜும்மாவுக்குப் பாதிப் பேர் போகும்போது திறந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்களே, அதனால் என்று மேனேஜரிடம் சொன்னேன். “தொழுகைக்குப் போனா கம்ப்யூட்டருக்குக் கோவம் வருதா?” என்று கேட்டார். அதை விட்டுவிட்டேன். அடுத்து ஏசி. ஏசிக்காரரைக் கூட்டி வந்து, சர்வரை ஒரு நாள் முழுக்க ஆஃப் செய்து போட்டு, ஏசியைக் கழற்றி மாட்டினோம். அதற்கப்புறம் பதினைந்து நாள் விழவில்லை. எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். பதினாறாவது நாள் விழுந்தது.

கம்பெனியில் எல்லோரும் ஒரு நாள் அமிர்திக்கு டூர் போனோம். முதலை, மான், அருவி எல்லாம் பார்த்துவிட்டு வந்து மறுநாள் சர்வரைப் பார்த்தேன். முழு நாளும் சிங்கம் மாதிரி ஓடியிருந்தது. “சார், நாம யாரும் இல்லன்னா நல்லா ஓடுது,” என்று மேனேஜரிடம் சொன்னேன். இந்தக் கண்டுபிடிப்பை அவர் ரசிக்கவில்லை.

இப்படியே மூன்று மாதம் போனது. ஒரு புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

“இன்னா பா இது பேஜாரு? பையர் ஃபோன் பண்றான். தொறந்தா வெள்ளையா இருக்குதாம். என் லாட்டுலாம் எங்க போச்சுன்றான்.”

“பாத்துனு இருக்கேன் சார்.”

“மூணு மாசமா பாக்கற. இன்னா காரணம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. நான் மேல சொல்லணும்.”

என்னிடம் காரணம் இல்லை. பேப்பர் இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். சர்வர் விழுந்த நேரங்களில் பெரும்பாலும் திரைக்கு முன்னால் இருந்தவர் அக்கா. நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் இருப்பவரே அவர்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை, அல்லது உறைக்காமல் பார்த்துக்கொண்டேன். ‘ஆபரேட்டர் தவறான முறையில் என்ட்ரி போடுவது காரணமாக இருக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இருக்கலாம் என்ற வார்த்தையைச் சேர்த்ததால் என் மனசாட்சி அன்று மதியம் நிம்மதியாக இருந்தது. மேனேஜர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் படிக்கவில்லை.

சாயங்காலம் அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“நான் தப்பா தட்றேன்னு எழுதிக் குடுத்தீங்களாமே சார்.”

“இருக்கலாம்னுதான் அக்கா எழுதினேன்.”

“நல்லா எழுதினீங்க. மேனேஜரு என்ன திங்கக்கெழமலேர்ந்து மறுபடி தையல் லைனுக்குப் போவ சொல்லிட்டாரு. அந்த சேர்ல வேற பொண்ணு வருதாம்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால், ‘கவலப்படாதீங்க அக்கா’ என்று நானும் ஒரு வசனம் பேசித் தப்பித்திருப்பேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான் இன்னா தப்பு பண்றேன்னு காட்டுங்க. எந்த பட்டன தப்பா அமுத்தறேன்னு ஒரே ஒரு தடவ காட்டுங்க. நானே எழுந்து போய்டறேன்.”

எனக்கு ஏசியிலும் வேர்த்தது. அந்த நாற்காலிக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அவரை அதிலிருந்து கிளப்ப எனக்கு ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கிறது. மூன்று நாள் இருந்தது. வியாழன், வெள்ளி, சனி.

வியாழக்கிழமை காலையிலிருந்து அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் தப்புச் செய்தால் பிடிக்கலாம் என்றுதான். அவர் திரையைப் பார்க்காமலே தட்டினார். தப்பே வரவில்லை. மாறாக நான் எழுதியிருந்ததில் மூன்று தப்பைச் சாயங்காலத்துக்குள் அவர் பிடித்துக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் தேதி மாறி வந்தது. இன்னொன்றில் இடது கால் ஷூவுக்கு மட்டும் கணக்கு இருந்தது.

“வலது கால் ஷூலாம் எங்க சார் போவுது? பையர் ஊர்ல எல்லாரும் நொண்டியா?”

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் டேனரி பாய் வந்தார். அன்றுதான், மூன்று மாதமாக என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்த ஒன்றை நான் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன்.

கட்டிங் மேஜையில் தினமும் தோல் கழியும். கீறல் இருக்கும், கலர் மாறியிருக்கும், உண்ணி கடித்த தழும்பு இருக்கும். அந்தத் தோலோடு ரோஸ் கலர் சீட்டு ஒன்றைக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆனால் யாரும் அதை ரிட்டர்ன் என்று சொல்ல மாட்டார்கள், கம்ப்யூட்டரிலும் போட மாட்டார்கள். சம்பந்தி வீட்டுச் சரக்கை அவர் இல்லாதபோது கழித்து எழுதுவது மரியாதை இல்லை. பாய் நேரில் வர வேண்டும். டீ குடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தோலாக ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மடித்து, நகத்தால் கீறிப் பார்த்து, “சரி, குடு” என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது ரிட்டர்ன். பாய் சில வாரம் இரண்டு தடவை வருவார். வீட்டில் கல்யாணம் என்றால் பத்து நாள் வர மாட்டார். அதுவரை அத்தனையும் ஓரமாக இருக்கும். வந்து போனதும் மொத்தச் சீட்டும் அக்காவிடம் வரும்.

அன்று முப்பது சீட்டு வந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் போட்டார். போட்ட சீட்டை மேஜை மேல் நின்ற கூர்க்கம்பியில் குத்தினார். ஏழு சீட்டு போனது. எட்டாவது தட்டியதும் திரை வெளுத்தது.

நான் துள்ளி எழுந்தேன். அக்கா அசரவில்லை. டிராயரைத் திறந்து, சிவப்புத் தோல் துண்டு ஒன்றை எடுத்து, அந்தக் கம்பியில் சீட்டுகளுக்கு மேல் குத்தினார்.

“அது இன்னாக்கா?”

“உங்க சர்வரு செத்ததுக்கு அடையாளம். விழும்போதெல்லாம் ஒண்ணு குத்திடுவேன். கடைசியா போட்டது உள்ள போச்சா இல்லையான்னு அப்பறம் பாக்கணும்ல?”

கம்பியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தேன். ரோஸ் சீட்டுகளுக்கு நடுவே ஒன்பது பத்து சிவப்புத் துண்டுகள். நான் நோட்டில் ஜெனரேட்டரையும் வெள்ளிக்கிழமையையும் எழுதிக்கொண்டிருந்தபோது, சர்வரின் முழுச் சரித்திரமும் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது.

“அக்கா, நடுவுல எவ்ளோ சீட்டு இருக்குன்னு எண்ணுங்க.”

மேல் துண்டுக்கும் அதற்கடுத்த துண்டுக்கும் நடுவே எண்ணினார். “இருவது.” அடுத்தது. “இருவது.” அதற்கடுத்தது. “இதுவும் இருவது சார்.” எங்கள் இரண்டு பேர் குரலும் தானாகவே தாழ்ந்துவிட்டது, அக்காவுக்கு அது சாதனை. அடுத்ததை எண்ணியவர் நிமிர்ந்து பார்த்தார். “இது முப்பத்திநாலு.”

எனக்கு முகம் தொங்கிவிட்டது.

“இருங்க சார். இது அந்த ஏசிக்காரர் வந்த வாரம். விழாமலே நீங்களா ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டீங்க இல்ல? அதுக்கு நான் துண்டு குத்தல.”

அதற்கும் கீழே போனார். இருபது. இருபது.

சனிக்கிழமை காலை முதல் பாசஞ்சரில் வந்து, ரிட்டர்ன் பக்கத்தைத் திறந்து, நான் எழுதியதை நானே முதல் தடவையாகப் படித்தேன். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அக்கா கையில் டிபன் பையோடு வந்து நின்றார்.

“இன்னா சார், நான் லைனுக்கா, சேருக்கா?”

“உக்காருங்க. சொல்றேன். எல்லா விவரமும் டேட்டாபேஸ்ல இருக்கு. அதுக்குள்ள போவ இருவது வழி வெச்சிருக்கேன். ஒரு பக்கம் தொறந்தா ஒரு வழிய எடுத்துக்கும். வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும். அப்பதான் அடுத்தவங்க போவ முடியும்.”

“எங்க லைன்ல பாத்ரூம் டோக்கன் மாதிரி.”

“அது இன்னா?”

“லைனுக்கு நாலு டோக்கன் ஆணில மாட்டியிருக்கும் சார். ஒண்ண எடுத்துனுதான் பாத்ரூம் போவணும், வந்து மாட்டணும். ஒரு தடவ நாலு பேரு டோக்கன இடுப்புல சொருகினு அப்படியே வூட்டுக்குப் போய்ட்டாளுங்க. மறுநாள் மொத்த லைனும் கால இறுக்கினு தெச்சுது. அன்னிக்கு ஒரு தையல்கூட நேரா வரல.”

நான் ஒரு வருஷம் சென்டரில் கரும்பலகையில் படம் போட்டு நடத்திய பாடம் இது. இதைவிடத் தெளிவாக நான் நடத்தியதில்லை.

“அதேதான். மத்த பக்கமெல்லாம் டோக்கன ஒழுங்கா மாட்டுது. ரிட்டர்ன் பக்கம் மட்டும் எடுத்துனு வூட்டுக்குப் போய்டுது. இருவது ரிட்டர்ன் போட்டா இருவதும் காலி. இருவத்தொண்ணாவதா யாரு வந்தாலும், பையரே வந்தாலும், வெள்ளத் திரதான். நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லா டோக்கனும் ஆணிக்கு வந்துடுது.”

“திருப்பி மாட்ட சொல்லி அதுக்கு யாரு சொல்லிக் குடுத்திருக்கணும்?”

“நான்.”

“சத்தமா சொல்லுங்க சார். கட்டிங்ல கேக்கல.”

விட்டுப்போன இரண்டு வரியைச் சேர்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அது சுலபமான பாதி. மறு பாதி மேனேஜர் அறையில் இருந்தது. கதவைத் திறந்தால், எதிரே டேனரி பாய் கல்யாணப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். அப்படியே கதவைச் சாத்திவிட்டுப் பிறகு வரலாம் என்று ஒரு அடி பின்னால் வைத்தேன். பின்னால் அக்கா நின்றிருந்தார்.

“சார், சர்வர் ஏன் விழுதுன்னு கண்டுபுடிச்சிட்டேன்,” என்றேன். “தப்பு அக்கா மேல இல்ல. என் மேல.”

“இன்னா தப்பு?”

“ஒரு பக்கம் இருக்கு சார். அத இருவது தடவ போட்டா விழுந்துடுது.”

“எந்தப் பக்கம்?”

கட்டிங் சூப்பர்வைசர் அன்று மின்விசிறியில் எதைத் தேடினார் என்று எனக்கு இப்போது புரிந்தது. “அது... ஒரு பக்கம் சார்.”

“அத இந்தம்மாதானே போடுது? ஒரு தடவ போட வேண்டியத இருவது தடவ போட்டா அது அவங்க தப்புதானே பா?”

நான் பாயைப் பார்க்காமல், மேஜை மேல் இருந்த ஷூ சாம்பிளைப் பார்த்துச் சொன்னேன்.

“ரிட்டர்ன் பக்கம் சார். இருவது ரிட்டர்ன் ஆச்சுன்னா ஒரு தடவ விழும். மாசத்துக்கு மூணு நாலு தடவ விழுது.”

அறையில் எல்லோரும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார்கள். பாயும் பெருக்கினார். மேனேஜர் முகத்தில், தன் கையாலேயே பெண் வீட்டாருக்குக் காரமான சட்னி பரிமாறியவரின் கலக்கம்.

“எம்பதா?” என்றார் பாய்.

“அது சும்மா கம்ப்யூட்டர்ல... ஜாஸ்தியா காட்டும்,” என்றார் மேனேஜர்.

பாய் கையில் இருந்த டீக் கோப்பையை வைத்தார். “எம்பதுதானா? நான் ஒவ்வொண்ணா பாக்கறேனே தவிர எண்ணினதில்ல, நூறு தாண்டும்னு பயந்துனு இருந்தேன். எப்ப வந்தாலும் ‘கம்மி, ரொம்ப கம்மி’ன்றீங்க. சரி, எவ்ளோதான்னு வாய்விட்டுக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.” சிரிப்பு அவர் வயிற்றிலிருந்து கிளம்பியது. மேனேஜரும் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார்.

“சரி பண்ணிட்டியா?”

“ரெண்டு வரி சார். போட்டுட்டேன்.”

“ரெண்டு வரிக்கு மூணு மாசமா?”

“ரெண்டு வரி எழுத ஒரு நிமிஷம்தான் சார். எந்த ரெண்டு வரின்னு தெரியறதுக்குத்தான்...”

“போதும் பா. போட்டுக் காட்டு.”

வெள்ளிக்கிழமைச் சீட்டில் இருபத்துமூன்று மீதி இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் மேனேஜர், பாய், நான். சத்தம் கேட்டு எலக்ட்ரீஷியனும் வந்து நின்றார். நான் அசிங்கப்படும் நாளுக்காக அவர் காத்திருந்தது நியாயம்தான். அக்கா ஒவ்வொன்றாகப் போட்டுக் கம்பியில் குத்தினார். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்றாவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“நானே தட்டட்டுமா சார்? இல்ல, ஆபரேட்டரு தப்பா தட்டிடுவாங்களா?”

“தட்டுங்கக்கா.”

தட்டினார். பக்கம் வந்தது. இருபத்திரண்டும் வந்தது. இருபத்துமூன்றும் வந்தது. பாய், “மாஷா அல்லாஹ்,” என்றார். தன் தோல் இத்தனை தடவை திரும்பிப் போனதற்கு அப்படிச் சொன்ன முதல் வியாபாரி அவராகத்தான் இருப்பார். மேனேஜர் தன் அறைக்குப் போய் நான் எழுதிக் கொடுத்த பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் இருந்ததை அடித்துவிட்டு, தப்பு யாருடையது என்று, ‘இருக்கலாம்’ போடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“நீ சேர்லயே இரு மா,” என்றார் மேனேஜர் அக்காவிடம். பிறகு தாடையைச் சொறிந்தார். “ஆனா திங்கக்கெழம லைன்ல ஒரு ஆள் வருதுன்னு சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டேனே. ஆர்டர் வேற ஜாஸ்தி.”

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் தையல் ஹாலில், எண்பது பெண்களுக்கு நடுவே, ஒரு ஸ்டூலில் இருந்தேன். முதலில் நூல் வெட்டக் கொடுத்தார்கள். நூலோடு கொஞ்சம் ஷூவையும் வெட்டினேன். அதனால் கத்தரியை வாங்கிக்கொண்டு, வீணாகிப்போன ஒரு ஷூவின் மேல்தோலைக் கொடுத்து மெஷினில் உட்கார வைத்தார்கள். இதற்கு மேல் அதை யாராலும் கெடுக்க முடியாது என்று நினைத்திருப்பார்கள். பக்கத்து மெஷின் பெண்கள் தைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பதினொரு மணிக்குள் எனக்கு முதுகு இருப்பது நன்றாகத் தெரிந்துவிட்டது.

டீ நேரத்தில் அக்கா வந்தார். நான் தைத்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது இன்னா சார், ஏலகிரி மல ரோடா?”

“எழுந்திருங்க” என்று கையைக் காட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்து, என் தையலைப் பிரித்து எறிந்துவிட்டு, மேல்தோலை ஊசிக்கு அடியில் வைத்தார். மெஷின் ஒரே மூச்சில் ஓடி நின்றது. வளைவில்கூடத் தையல் பிசகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள், “அக்கா, இங்கயே இருந்துடு!” என்று கூச்சல் போட்டார்கள். அவர் சிரித்தபடி மெஷினின் மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார்.

“பாய் வந்திருக்காராம். கூச்சம் விட்டுப்போச்சுல்ல, ஒரே நாள்ல நாப்பது சீட்டு கட்டிட்டாங்க. நான் போய் சேர்ல உக்காரணும்.”

கதவுவரை போனவர், அங்கிருந்தே அந்தக் கணீர் குரலில், “சாருக்கு இன்னொரு பீஸ் குடுங்கடீ!” என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேர் நாலு பீஸ் கொண்டுவந்து என் மடியில் போட்டார்கள்.